கை தூக்கறதா, சீட்டுப் போடறதா?

வாசகர் கேள்வி – பதில்

குளம் தூர்வாரும் குழு, ரத்ததானக் குழு, வாசகர் வட்டம், குடியிருப்போர் சங்கம் என்று சம்பளமில்லாமல் ஊருக்கு உழைக்கிற அமைப்புகளில் ஓட்டெடுப்பு நடத்துவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள். கேள்விகளைப் படித்தாலே காரணம் விளங்கும். ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது.

நாங்க 46 பேர் சேர்ந்து குளம், வாய்க்கால் வேலை பாக்கறோமுங்க. இத்தனை வருசமா எல்லாம் கை தூக்கித்தான் முடிவு பண்ணுவோம். இந்தத் தடவை தலைவர் பொறுப்புக்கு ரெண்டு பேரு நிக்கறாங்க. சீட்டுப் போட்டு எடுக்கலாமுன்னு சின்னப் பசங்க சொல்றாங்க. "நமக்குள்ள என்னப்பா ரகசியம்? ஒருத்தரை ஒருத்தர் நம்பாத மாதிரி ஆயிருமே"ங்கறாரு பெரியவர் ஒருத்தர். எது சரிங்க? – பல்லடம்

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது எல்லா ஓட்டுக்கும் பொருந்தாது. வாய்க்காலை எந்தப் பக்கமிருந்து தூர்வாருவது, ஞாயிறு வேலைக்கு எத்தனை மணிக்குக் கூடுவது, வரவு செலவுக் கணக்கை ஏற்பது ஆகியவற்றுக்குக் கை தூக்குவதே நல்லது. யார் ஏன் மறுக்கிறார் என்பது தெரிந்தால்தான் பேசித் தீர்க்க முடியும். கணக்கை ஏற்காதவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அதற்கு ரகசியம் தேவையில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது கதை வேறு. உங்கள் 46 பேரில் பங்காளி, மாமன், மச்சான், சம்மந்தி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் கறவைப் பால் கொடுப்பது இன்னொருவர் சொசைட்டிக்கு. ஒருவர் தறி ஓட்டுவது இன்னொருவர் கொடுக்கும் பாவு நூலில். அவர் நிற்கும்போது இவர் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கை தூக்கும் ஓட்டில் எண்ணப்படுவது மனசு இல்லை, முகதாட்சணியம். முதல் பத்துக் கை எழுந்ததும் மிச்சக் கை தானாக எழுவதை எந்தக் கூட்டத்திலும் பார்க்கலாம். தோற்றவருக்கோ யார் யார் தன்னைக் கைவிட்டார்கள் என்று தெரிந்துபோகும். அடுத்த விசேசத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது அது ஞாபகத்தில் நிற்கும். ஆக, ரகசியம் உறவைக் கெடுக்காது. கெடாமல் காப்பாற்றுவது அதுதான்.

இந்த முகதாட்சணியம் நமக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா மாகாணங்களில் 1856-ல் அரசே அச்சிட்ட சீட்டில் மறைவாகக் குறிக்கும் முறை வந்தது. இங்கிலாந்துக்கு அது வந்தது 1872-ல். அதுவரை அங்கே மிராசுதார் முன்னால் குத்தகைதாரர் வாய்விட்டுப் பெயர் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார்.

எளிய விதி இது: ஆளைப் பற்றிய ஓட்டு (தேர்தல், நீக்கம், கண்டனம்) சீட்டில், வேலையைப் பற்றிய ஓட்டு கையில். நடுவில் நிற்கும் விஷயங்களில் ஐந்து பேர் கேட்டாலே சீட்டு என்று பைலாவில் (சங்க விதிகளில்) எழுதிவையுங்கள். ஒருவரே எழுந்து "ரகசிய ஓட்டு வேணும்" என்று கேட்கும் நிலை வந்தால், கேட்டவரின் ஓட்டு எந்தப் பக்கம் என்பது அங்கேயே வெளிச்சமாகிவிடும்.

பிறர் சார்பாக ஓட்டுப் போடுகிறவருக்கு மட்டும் இது பொருந்தாது. ஊர் அனுப்பிய பிரதிநிதி ஒன்றியக் கூட்டத்தில் எப்படிப் போட்டார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் கட்சி முகவருக்குக் காட்டிவிட்டு ஓட்டுப் போடும்படி 2003-ல் சட்டம் திருத்தப்பட்டது, அவர்கள் கட்சி மாறிப் போடுவதைத் தடுக்கத்தான்.

அறுபது பேர் கூடுற கூட்டத்துல ரகசிய ஓட்டெடுப்பு நடத்த என்னென்ன வேணும், எப்படிச் செய்யோணும்? போன தடவை துண்டுச் சீட்டுல பேரு எழுதிப் போட்டோம், கையெழுத்தை வெச்சே யாருன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. – கோபிசெட்டிபாளையம்

முதல் தவறை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேரை எழுதச் சொல்லவே கூடாது. வேட்பாளர் பெயர்களை அச்சடித்து, பக்கத்தில் கட்டம் போட்டு, குறி மட்டும் போடச் சொல்ல வேண்டும்.

சீட்டுக்கு ஏ4 தாளை நாலாகக் கிழித்தால் போதும். ஒவ்வொன்றும் 105 × 148 மில்லிமீட்டர் இருக்கும். அறுபது பேருக்கு அறுபதும், கெட்டுப்போனால் மாற்றிக் கொடுக்க ஆறும் சேர்த்து 66 வேண்டும். 17 தாள் எடுத்தால் 68 கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் போடும் 80 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) வெள்ளைத் தாளில் குறி பின்பக்கம் தெரியும். 100-க்கு மேற்பட்ட தாளோ, வெளிர் நிறத் தாளோ வாங்குங்கள். என்ன நிறம் என்பதை நடத்துகிறவர் ஒருவர் மட்டும் அறிந்து அன்று காலையில் அச்சடித்தால் வீட்டிலிருந்து போலிச் சீட்டு வராது.

பெயர் வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். அகரவரிசை என்றால் ஆறுமுகம் எப்போதும் மேலேயும் வேலுச்சாமி எப்போதும் கீழேயும் நிற்பார். பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் சும்மாவே சில ஓட்டு கூடும்.

அடுத்தது சங்கிலி மோசடி. ஒருவர் உள்ளே போய் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவருவார். வெளியில் நிற்பவர் அதில் குறி போட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தனக்குக் கிடைத்த வெற்றுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இப்படியே கடைசி ஆள் வரை போகும். தடுக்கும் வழி மலிவு: சீட்டின் ஒரு ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு எண் போட்ட துண்டு இருக்கட்டும். கொடுக்கும்போது அந்த எண்ணைப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு வரும்போது மடித்த சீட்டின் ஓரத்து எண் அதேதானா என்று பார்த்து, துண்டைக் கிழித்துத் தனி டப்பாவில் போட்டுவிட்டு, எண்ணில்லாத சீட்டை அவர் கையாலேயே பெட்டியில் போடச் சொல்லுங்கள். கிழிப்பதற்கு வசதியாகத் துளைவரி வேண்டுமே என்றால், தையல் மெஷினில் நூல் கோக்காமல் ஒரு ஓட்டு ஓட்டினால் வந்துவிடும். நம் பக்கம் மெஷினுக்கா பஞ்சம்?

மறைப்புக்கு பனியன் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று போதும். மேல்பக்கத்தையும் ஒரு பக்கத்தையும் அறுத்துவிட்டு மேசைமேல் வையுங்கள். ஓட்டுப் போடுகிறவர் சுவருக்கு முதுகு காட்டி உட்கார, அட்டை அவருக்கு முன்னாலும் இரு பக்கமும் நிற்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாக வைத்துவிட்டு, பின்னால் நடந்து போகிறவர் எட்டிப் பார்த்ததாகச் சண்டை போடுவார்கள். கல்யாண மண்டபமாக இருந்தால் அண்ணாந்து ஒருமுறை பாருங்கள். இப்போது எல்லா மண்டபத்திலும் கேமரா இருக்கிறது. செல்போனை வெளியே ஒரு தட்டத்தில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். குறித்த சீட்டைப் படம் எடுத்துக் காட்டச் சொல்வது இப்போதைய சங்கிலி மோசடி.

ஒரே நிற மையுள்ள பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் முத்திரை வைத்தால் மை ஈரத்தில் மடிப்பின் மறுபக்கம் ஒட்டி, இரண்டு பேருக்குப் போட்ட மாதிரி தெரியும். நம் தேர்தல் ஆணையத்தின் அம்புக்குறி முத்திரை ஒரு பக்கமாகச் சுழலும் வடிவில் இருப்பது இதற்காகத்தான். ஒட்டிய மைப்படம் எதிர்ப்பக்கமாகச் சுழலும். எது நிஜக் குறி, எது நிழல் என்று எண்ணுகிறவருக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குப் பேனாவே போதும். நீளவாக்கில் முதலில், குறுக்கில் அடுத்து என்று மடிக்கச் சொல்லுங்கள்.

பெட்டி எதுவானாலும் சரி, எவர்சில்வர் போசிக்கு வேட்டி கட்டி நடுவில் கீறல் போட்டாலும் சரி. காலிப் பெட்டியை எல்லாருக்கும் கவிழ்த்துக் காட்டிவிட்டு, மூடி ஒட்டும் நாடாமேல் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கிலாந்தில் 1872-ல் பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்த முதல் ரகசிய வாக்கெடுப்பில், அந்த ஊர் அதிமதுர மிட்டாய் ஆலையின் அச்சை வைத்துப் பெட்டிக்கு அரக்கு முத்திரை போட்டார்களாம். அச்சு எதுவாக இருந்தால் என்ன, பிரித்தால் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வையுங்கள். ஒரு மறைப்பு என்றால் அறுபது பேருக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டு வைத்தால் முக்கால் மணி. சோற்றுப் பந்தி ஆரம்பிக்கும் முன் முடித்துவிடுங்கள். பந்தி ஆரம்பித்தால் பெட்டிக்குக் காவல் இருக்காது.

எண்ணும்போது சீட்டைப் பிரிக்காமல் எண்ணிக்கையை மட்டும் முதலில் சரிபாருங்கள். கொடுத்தது 58, கெட்டுத் திரும்பியது 2, பெட்டியில் 56, கிழித்த ஓரத் துண்டு 56. நாலும் ஒத்துவந்த பிறகே பிரிக்க வேண்டும். பெட்டியில் ஒன்றிரண்டு கூடினால் என்ன செய்வது என்பதையும் முன்னமே எழுதிவையுங்கள்: கூடிய சீட்டு, ஜெயித்த வித்தியாசத்தைவிடக் குறைவு என்றால் முடிவு நிற்கும், சமமோ அதிகமோ என்றால் மறுபடி ஓட்டு. பிரித்து, நன்றாகக் கலக்கி, ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தூக்கிக் காட்ட, இரண்டு பேர் தனித்தனித் தாளில் கோடு போட வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். குறி கட்டத்துக்கு வெளியே இருந்தாலும் யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் அது செல்லும். ஆளை அடையாளம் காட்டும் எழுத்தோ கையெழுத்தோ இருந்தால் செல்லாது. செல்லாத சீட்டு எத்தனை என்பதையும் மேடையில் சொல்ல வேண்டும்.

நடத்துகிறவர் வேட்பாளராக இருக்கக்கூடாது, வேட்பாளருக்குச் சொந்தமாகவும் இருக்கக்கூடாது. இரண்டாவது நிபந்தனை நம் ஊர்களில் சிரமம். பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர்கள் தேர்தலுக்கு நீங்கள் போய்க் கொடுங்கள்.

எங்க உறுப்பினர்கள் அஞ்சு கிராமத்துல இருக்காங்க. கிராமத்துக்கு ஒரு பெட்டி வெச்சு எடுக்கலாமுங்களா? – காங்கேயம்

பெட்டி ஐந்து இருக்கலாம். எண்ணுவது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஐந்தையும் ஒரே சாக்கில் கொட்டிக் கலக்காமல் எண்ணினால், எட்டுப் பேர் இருக்கிற கிராமத்தில் எட்டு ஓட்டும் எதிர்த்தரப்புக்கு என்று வந்துவிடும். யார் போட்டார் என்று தேட வேண்டியதில்லை, ஊரே போட்டிருக்கிறது. அரசுத் தேர்தலிலும் சீட்டுக் காலத்தில் மிரட்டல் அச்சம் இருந்தால் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி உண்டு. மின்னணு இயந்திரம் வந்தபின் சாவடிவாரியாகக் கணக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் குறையை நாமும் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் ஒரே நாள்ல 22 பேரு சந்தா கட்டிச் சேர்ந்துட்டாங்க. ஓட்டு உண்டா, இல்லீங்களா? – அவினாசி

பைலாவில் தேதி இல்லையென்றால் உண்டு. இந்தத் தடவை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு வரி சேருங்கள். ஓட்டெடுப்புக்கு 60 நாள் முன்பு உறுப்பினராகி, 30 நாள் முன்பு சந்தா பாக்கி இல்லாதவர்க்கே ஓட்டு. அந்த 30-ஆம் நாள் பட்டியலை ஒட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஏழு நாள். பெட்டியில் நடக்கும் தில்லுமுல்லைவிடப் பட்டியலில் நடப்பதுதான் அதிகம், அதைப் பிடிப்பதும் கஷ்டம். பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ஐயும் பாருங்கள்: நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. "தேர்தலைத் தள்ளி வெச்சுக்கலாம், என்ன அவசரம்" என்பவர்களுக்கு இந்த மூன்று ஆண்டைக் காட்டலாம்.

எங்க ரத்ததானக் குழுவுல 140 பேரு. பாதிப் பேரு வெளியூர். வாட்ஸ்ஆப்ல போல் (ஓட்டெடுப்பு) போட்டு முடிவு பண்றோம். கூகுள் ஃபார்ம் நல்லதா? – திருப்பூர்

வாட்ஸ்ஆப் குழுவில் வழக்கமாகப் போடும் போலில், யார் எதைத் தொட்டார் என்று பெயரோடு எல்லாருக்கும் தெரியும். கை தூக்குவதைவிட அது மோசம். கூட்டத்தில் தூக்கிய கை கீழே இறங்கிவிடும். இது அங்கேயே நிற்கும், ஸ்கிரீன்ஷாட்டாகவும் போகும். முகாம் தேதி முடிவு செய்ய அது போதும். ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்திவிட்டால் பெயர் வராது. ஆனால் ஒவ்வொரு பதிலும் எத்தனை மணிக்கு வந்தது என்று விநாடி சுத்தமாகப் பதிவாகும். குழுவில் ஒருவர் "ஓட்டுப் போட்டாச்சு" என்று 7.42-க்கு எழுதினால், 7.41 வரியைப் பார்த்தால் தீர்ந்தது. ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டு ஓட்டு. இது போதாதென்று, ஃபார்மை உருவாக்கியவர் யார் முந்துகிறார் என்பதை நடுவிலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம். தன் ஆட்களை எழுப்பி ஓட்டுப் போடச் சொல்லவும் செய்யலாம்.

குறியீட்டுச் சீட்டு முறை இதற்கு ஓரளவு மருந்து. எட்டு எழுத்துள்ள, ஒழுங்கில்லாத குறியீடுகள் 140-ஐ அச்சடித்து, ஒரே மாதிரிக் கவரில் போட்டு ஒட்டிக் கலக்குங்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு கூட்டத்தில் தங்கள் கையால் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். வெளியூருக்குக் கலக்கிய கவர் தபாலில் போகட்டும். யார் எடுத்தார் என்பதற்கு மட்டும் கையெழுத்து, எதை எடுத்தார் என்பதற்குக் குறிப்பு கூடாது. ஃபார்மில் முதல் கேள்வி குறியீடு, அடுத்தது ஓட்டு. பட்டியலில் இல்லாத குறியீட்டில் வந்த பதில் செல்லாது. ஒரே குறியீட்டில் இரண்டு பதில் வந்தால் கடைசியாக வந்ததே செல்லும் என்று முன்னமே அறிவித்துவிடுங்கள். இது ஏனென்றால், வீட்டில் போடும் ஓட்டுக்கு மறைப்பு கிடையாது. தோளுக்குப் பின்னால் மாமனாரோ முதலாளியோ நின்று பார்த்தால், அவர் போனபின் மாற்றிப் போட ஒரு வழி வேண்டும்.

முடிந்ததும் நேரத்தைக் காட்டும் பத்தியை நீக்கி, வரிசையைக் கலைத்து, குறியீடும் ஓட்டும் மட்டும் உள்ள பட்டியலை எல்லாருக்கும் அனுப்புங்கள். அவரவர் தன் ஓட்டு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். டெபியன் என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கும், ஏறக்குறைய ஆயிரம் தன்னார்வலர்கள் கொண்ட சமூகத்தின் தலைவர் தேர்தலில், பெயர் இல்லாமல் குறியீட்டோடு ஓட்டுப் பட்டியல் வெளியிடுவதுதான் வழக்கம். மற்ற பொதுத் தீர்மானங்களில் யார் எப்படிப் போட்டார் என்பது பெயரோடு வெளியாகி வந்தது. ஒரு தனிமனிதரைப் பற்றிய தீர்மானம் வந்தபோது, பெயர் தெரிந்தால் வெளியாட்கள் தொல்லை கொடுப்பார்களே என்ற அச்சம் எழுந்தது. 2022-ல் அவற்றையும் ரகசியமாக்க ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். கணினியே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இந்த முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. உங்கள் குறியீட்டை நீங்களே ஒருவரிடம் காட்டினால், ஓட்டை நிரூபித்துக் காசு வாங்க முடியும். சரிபார்க்கும் வசதி கூடக்கூட, வற்புறுத்தலுக்கும் வசதி கூடும். ரத்ததானக் குழுவில் ஓட்டுக்குப் பணம் கொடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் உங்களுக்கு இது பரவாயில்லை. நிலம், கடை, வாடகை என்று சொத்துள்ள சங்கத்துக்கு அட்டைப்பெட்டி மறைப்பும் காகிதச் சீட்டும்தான் எங்கள் சிபாரிசு.

எங்க குடியிருப்போர் சங்கத்துல அறுபது வீடு. அஞ்சு பேரைத் தேர்ந்தெடுக்கோணும். ஆளுக்கு அஞ்சு ஓட்டு. ஒரு அணிக்கு 31 வீடு, இன்னொண்ணுக்கு 29. அஞ்சு இடமும் 31-க்கே போயிருச்சு. இது நியாயமுங்களா? – உடுமலை

விதிப்படி நடந்திருக்கிறது. விதிதான் சரியில்லை. ஆளுக்கு ஐந்து ஓட்டு என்றால் 31 வீடும் அதே ஐந்து பேருக்குப் போட, ஒவ்வொருவருக்கும் 31. மற்ற ஐவருக்கும் 29. அறுபதில் பாதிக்கு ஒன்று கூட இருந்தால் முழுச் சபையும் கையில்.

மாற்ற எளிய வழி ஓட்டைக் குறைப்பது. இடம் ஐந்து, ஆளுக்கு ஓட்டு மூன்று. இப்போது 31 வீட்டிடம் இருப்பது 93 ஓட்டு. அதை நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 23 சொச்சம்தான் வரும், எதிரணியின் 29-ஐத் தாண்டாது. மூன்று பேரை நிறுத்தினால் ஆளுக்கு 31. ஆக 3, 2 என்று பிரியும். ஐந்தையும் அள்ள ஆசைப்பட்டு ஐந்து பேரை நிறுத்தி ஓட்டைச் சிதறவிட்டால், பெரிய அணி மூன்றைக்கூடப் பிடிக்காமல் போகலாம். இந்தப் பயமே பாதிச் சமரசத்தைப் பேச்சிலேயே கொண்டுவந்துவிடும்.

இன்னும் நுட்பமான வழி மாநிலங்களவைத் தேர்தல் முறை. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். ஜெயிக்கத் தேவையான ஓட்டு: மொத்த ஓட்டை, இடங்களோடு ஒன்று கூட்டி அதனால் வகுத்து, மறுபடி ஒன்று கூட்ட வேண்டும். உங்களுக்கு 60-ஐ 6-ஆல் வகுத்தால் 10. ஒன்று கூட்ட 11. பதினொரு வீடு ஒருமித்தால் ஒரு பிரதிநிதி நிச்சயம். 31-க்கு இரண்டு, 29-க்கு இரண்டு, மிச்சம் 9-க்கும் 7-க்கும் நடுவில் கடைசி இடம் பெரிய அணிக்கு. விடை அதே 3, 2. அணியே இல்லாமல் தனியாக நிற்கும் நல்ல மனிதர் ஒருவர் உள்ளே வர இதில்தான் வழி இருக்கிறது. உபரி ஓட்டை மாற்றும் கணக்கு தெரிந்தவர் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் மூன்று ஓட்டு முறையே போதும்.

இந்த வருசம் என்ன வேலைன்னு ஓட்டெடுத்தோம். வாய்க்கால் தூர்வார 16, குளக்கரையில மரக்கன்னு வெக்க 13, பனை விதை போட 11. தூர்வாரறதுன்னு முடிவாச்சு. ஆனா 24 பேருக்கு மனசே இல்லீங்க. – சத்தியமங்கலம்

மனசு இருக்காதுதான். நடுவதுதான் வேண்டும் என்ற 24 பேரின் ஓட்டை மரக்கன்றும் பனையுமாக இரண்டாகப் பிளந்துவிட்டீர்கள். கேள்வியை வடிவமைத்தவர் அறிந்து செய்தாரோ, அறியாமல் செய்தாரோ, விளைவு ஒன்றுதான். ஒரு பக்கத்து ஓட்டைப் பிளக்க அதே மாதிரி இன்னொரு யோசனையைச் சேர்த்துவிடுவது பழைய தந்திரம்.

மூன்றோ அதற்கு மேலோ யோசனை இருந்தால், ஏற்கத்தக்க எல்லாவற்றுக்கும் குறி போடச் சொல்லுங்கள். அதிகம் பேர் ஏற்பது ஜெயிக்கும். எண்ணுவதும் சுலபம், சீட்டும் மாற வேண்டாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் விருப்ப வரிசை போடச் சொல்லி, இரண்டிரண்டாக மோதவிடலாம். மூன்று யோசனைக்கு மூன்று ஜோடி, நாலுக்கு ஆறு, ஐந்துக்குப் பத்து. உங்கள் கணக்கில் பனைக்காரர்கள் இரண்டாவதாக மரக்கன்றைப் போட்டால், மரக்கன்று தூர்வாருதலை 24-க்கு 16 என்று வென்றுவிடும். எல்லா ஜோடியிலும் ஜெயிப்பது எதுவோ அதுதான் முடிவு. அபூர்வமாக இது அதை, அது மற்றதை, மற்றது இதை என்று வட்டமடிக்கும். அப்போது மிகக் குறைந்த வித்தியாசத்தில் வந்த வெற்றியைத் தள்ளிவிடலாம் என்று முன்னமே எழுதிவையுங்கள். எண்ணியபின் விதி எழுதினால் அதற்குப் பேர் விதி இல்லை.

சீட்டுல "எவருமில்லை" வேணுமுங்களா? – கரூர்

ஒருவரே நிற்கும்போது கட்டாயம் வேண்டும். "போட்டியின்றித் தேர்வு" என்பது நம் சங்கங்களில் பெருமைக்குரிய சொல்லாகிவிட்டது. பல இடங்களில் மற்றவர்களை வாபஸ் வாங்க வைத்த கதைதான் அது. 2013-ல் உச்ச நீதிமன்றம் நோட்டாவைக் கொண்டுவரச் சொன்னபோது எழுந்த முக்கிய வாதமே ரகசியம்தான். அதற்கு முன், யாருக்கும் போட விரும்பாதவர் சாவடிப் பதிவேட்டில் அதைப் பதிந்து கையெழுத்திட வேண்டியிருந்தது.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நோட்டாவுக்கு முடிவை மாற்றும் பலம் கிடையாது. உங்கள் சங்கத்தில் கொடுக்கலாம்: எவருமில்லை முந்தினால் புது வேட்புமனு.

வேட்புமனுவுக்குக் கட்டுப்பாடு போடலாமா? எட்டுப் பேரு வேணும், முப்பது பேரு நிக்கறாங்க. – மொடக்குறிச்சி

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றதும், வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சாகி, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனதும் ஊரறிந்தது. விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் காட்ட எடுத்த வழி அது. அந்த ஆண்டிலேயே சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250-லிருந்து 5,000 ரூபாயானது. சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிவோர் என்ற விதியும் வந்தது.

தன்னார்வக் குழுவில் பணம் கட்டச் சொல்லாதீர்கள். இரண்டு பேர் முன்மொழிய வேண்டும், ஒருவர் ஒருவரைத்தான் முன்மொழியலாம் என்றால் போதும். முப்பது பேர் பொறுப்பெடுக்க வருகிறார்கள் என்றால், அது தலைவலிக்கு முன்னால் ஒரு பாக்கியம்.

ரெண்டு பேருக்கும் 27, 27-ன்னு வந்திருச்சு. தலைவருக்கு ரெண்டாவது ஓட்டு உண்டுங்களா? – நாமக்கல்

வேலையைப் பற்றிய ஓட்டில் பைலா கொடுத்திருந்தால் உண்டு. ஆளைப் பற்றிய ரகசிய ஓட்டில் வேண்டாம். அந்த ஒரு ஓட்டு மட்டும் ஊரறியப் போட்டதாகிவிடும். குலுக்கல் போடுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் சமநிலைக்குக் குலுக்கலையே சொல்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையை எல்லாரும் ரகசிய ஓட்டெடுப்பு என்று மேடையில் பேசுகிறார்கள். அது ஓட்டெடுப்பு அல்ல, குலுக்கல். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த அந்த விதிகளின்படி முப்பது குடும்புகளிலும் (ஊரின் பகுதிகளிலும்) தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத ஒரு பாலகனை எடுக்கச் சொன்னார்கள். நமக்கு அதில் உதவுவது தகுதி விதி: கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகாது. மாமன் மச்சான் பட்டியல் வரை அதில் இருக்கிறது.

படிக்கத் தெரியாத அம்மாமார் பத்துப் பேரு, கண்ணு தெரியாதவர் ஒருத்தர் இருக்காங்க. மகன் கூட வந்து போடறேன்ங்கறான். – அந்தியூர்

படிக்காதவர்களுக்குச் சின்னம் வையுங்கள்: குடம், ஏர், விளக்கு, மணி மாதிரி. கட்சிச் சின்னம் மட்டும் கூடவே கூடாது. கூட்டம் ஆரம்பிக்கும்போது பெரிய தாளில் சின்னத்தையும் ஆளையும் காட்டிவிடுங்கள். வேட்பாளரே எழுந்து நின்றால் இன்னும் நல்லது.

பார்வையற்றவருக்குக் கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையில் சீட்டின் கட்டங்கள் வரும் இடத்தில் ஓட்டை வெட்டி, சீட்டுமேல் பொருத்திக் கொடுங்கள். மேல்முனையை ஒரு ஓரம் வெட்டிவிட்டால் தலைகீழாக வைக்காமல் இருக்கும். மேலிருந்து எத்தனையாவது ஓட்டை யாருடையது என்று சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். துணை வேண்டும் என்று அவரே கேட்டால் அவர் காட்டும் ஆளை அனுமதியுங்கள். அரசுத் தேர்தல் விதியைப் போல, ஒருவர் ஒருவருக்குத்தான் துணை போகலாம், வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மகன் கேட்டால் போதாது. அம்மா கேட்க வேண்டும்.

எண்ணி முடிச்ச சீட்டை என்ன பண்றதுங்க? நாங்க அன்னைக்கே எரிச்சிட்டோம், இப்ப மறு எண்ணிக்கை கேக்கறாங்க. – பெருந்துறை

எரித்தது தவறு. இனி: சீட்டு ஒரு கவரில், செல்லாதவை ஒரு கவரில், ஓரத் துண்டுகள் ஒரு கவரில், கையெழுத்திட்ட பட்டியல் ஒரு கவரில். நாலையும் தனித்தனியே ஒட்டி, இரு தரப்பும் ஒட்டுமேல் கையெழுத்திட்டு, நடத்தியவரிடம் 45 நாள் இருக்க வேண்டும். மறு எண்ணிக்கை கேட்கக் கெடு 15 நாள். பட்டியலும் சீட்டும் ஒரே கவரில் சேரவே கூடாது. 45 நாள் முடிந்து புகார் இல்லையென்றால் சீட்டுகளை இரு தரப்பும் பார்க்க எரியுங்கள். பட்டியலையும் எண்ணிக்கைத் தாளையும் மட்டும் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள். இப்போது உங்கள் கையில் சீட்டு இல்லாததால் எண்ண ஒன்றும் இல்லை. ஓட்டெடுப்பை மறுபடி நடத்துவதுதான் ஒரே வழி.